சியபூலேவுக்கு ஒரு தலைவர்

சியபூலே ஊருக்குத் தலைவர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இல்லையே என்று யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. இரண்டு பேருக்குள் மாட்டுத் தகராறு வந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். அந்த மூன்றாவது ஆளுக்கே தகராறு வந்தால், முதல் இரண்டு பேரும் போய் உட்காருவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட ஊர் பல தலைமுறையாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் கோடைத் தோட்டங்கள், அதற்கு மேலே மேய்ச்சல் தரை, அதற்கும் மேலே வீடுகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊர் மருந்தகத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆற்றங்கரையையும் மேய்ச்சல் தரையையும் வேலி போட்டு எடுத்துக்கொள்ள ஒரு கரும்புக் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. ஆட்சேபம் இருந்தால், சம்பந்தப்பட்ட தலைவர் தொண்ணூறு நாளைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அதைப் படித்து ஊருக்குச் சொன்னவள் நமூங்கா. ஐம்பது வயது, மக்காச்சோளம் அரைக்கும் மில் வைத்திருப்பவள். கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்காக ஊரின் எல்லா மனுக்களும் அவள் தலையில்தான் விழும். இந்த மனுவையும் அவளே எழுதினாள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த குமாஸ்தா மனுவைத் தொடவே இல்லை. தூரத்திலிருந்தே பார்த்தான்.

"தலைவர் கையெழுத்து எங்கம்மா?"

"எங்க ஊர்ல தலைவர் கிடையாதுங்க."

"அப்ப யாரு ஆட்சேபிக்கிறது?"

"நாங்கதான். ஊரே கையெழுத்து போட்டிருக்கு, பாருங்க."

"ஊர் ஆட்சேபிக்க முடியாதும்மா," என்றான் அவன் பொறுமையாக. "ஊர் சார்பா தலைவர்தான் ஆட்சேபிக்கணும். ஜனங்களே நேரா வந்து ஆட்சேபிச்சா அதுக்குப் பேரு கலவரம். அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன். ரெண்டு தெரு தள்ளி இருக்கு."

"தலைவரே இல்லாத ஊருக்கு என்ன பண்றது?"

"ஆட்சேபணையே இல்லைன்னு எழுதிக்குவோம்."

தலைவர் வேண்டுமென்றால் தலைநகர் லுசாகாவில் மரபுத் தலைமைகள் வாரியம் இருக்கிறது, அங்கே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். ரேஷன் கார்டுக்கு வழி சொல்வதுபோல் இருந்தது.

மறுநாள் ஊர் கூடியது. தலைவராக யாரும் முன்வரவில்லை. ஒருத்தனுக்கு உழவு வேலை, ஒருத்தனுக்கு முதுகு வலி. நிறைய மாடு வைத்திருந்த முலேயாக் கிழவர் கேட்டார்:

"தலைவருக்கு என்ன வேலை?"

"ஒரே ஒரு கையெழுத்து போடணும். அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் நமூங்கா.

"கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போன தலைவரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லையே," என்றார் கிழவர். எல்லோரும் சிரித்தார்கள். நமூங்காவும் சிரித்தாள்.

கடைசியில் அவளே ஆளைக் காட்டினாள். அவளுடைய சின்னம்மா மகன் ஹபேன்சு. பஸ் கண்டக்டராக இருந்து, பஸ் கம்பெனி மூடியதும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஊருக்கு வந்தவன். நான்கு வயதில் தாய் போன பிறகு அவனை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் நமூங்கா. அப்போது அவளுக்குப் பதினொன்று. ஹபேன்சுவுக்குப் பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. டிக்கெட் வாங்காதவனை இறக்கிவிடக்கூட மனசு வராமல் சம்பளத்தில் பிடித்தம் வாங்கியவன். இவனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று ஊர் முழுக்க நம்பியது. நமூங்கா எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள்.

"நான் தலைவரா? அக்கா, என் வீட்டு நாயே நான் சொன்னா கேக்காது," என்றான் ஹபேன்சு.

"நாய்க்கு நீ கையெழுத்து போட வேண்டாம். கிளம்பு."

இருவரும் லுசாகா போனார்கள். வாரியத்தின் துணை இயக்குநர் கபம்ப்வே, கோட்டுக்கு மேலே மணிமாலை போட்டிருந்தார். கோட்டு நிர்வாகத்துக்கு, மாலை மரபுக்கு. அவர் ஒரு பழைய பதிவேட்டை வெல்வெட் துணியிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார்.

"விடுதலை வாங்கினப்போ என்ன சொன்னோம்? வெள்ளைக்காரன் வெச்சுட்டுப் போன எல்லாத்தையும் தூக்கி எறிவோம்னு சொன்னோம். எறிஞ்சோம். அவன் சிலையை எறிஞ்சோம், அவன் தெருப் பேரை எறிஞ்சோம். இந்தப் பதிவேட்டை மட்டும் எறியல. ஏன்னு கேளுங்க."

நமூங்கா கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நம்ம மரபு பூரா இதுலதான் இருக்கு! எந்த ஜனம் எங்க இருக்கு, யாரு அவங்க தலைவர், எல்லாத்தையும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரைமேல போய்ப் பார்த்து எழுதி வெச்சிருக்கான். அவன் எழுதலைன்னா நாம யாருன்னு நமக்கே தெரிஞ்சிருக்காது."

பக்கத்தைப் புரட்டிச் சியபூலேவைக் கண்டுபிடித்தார். பென்சிலில் ஒரே ஒரு வரி இருந்தது: 'மழை. போகவில்லை.'

"பார்த்தீங்களா? அதாவது, நீங்க அந்தச் சமயத்துல இல்லை."

"ஐயா, அந்த மழையில நனைஞ்சதே நாங்கதான்."

"நனைஞ்சதுக்கு ஆவணம் இருக்கா?"

ஆவணம் இல்லை. ஆனாலும் வழி இருந்தது. பதினாறு பக்க விண்ணப்பம். ஏழாவது கேள்வி, பரம்பரை அறுபடாமல் வந்த பதினோரு தலைவர்களின் பெயரை வரிசையாகக் கேட்டது.

"எங்களுக்குத் தலைவரே இருந்ததில்லைங்களே. அதுதானே எங்க வழக்கம்," என்றாள் நமூங்கா.

"அப்படி ஒரு வழக்கத்துக்கு விண்ணப்பத்துல கட்டமே இல்லைம்மா."

வராந்தாவில் உட்கார்ந்து அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹபேன்சு சற்று யோசித்துவிட்டு, பதினோரு பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அவள் எழுதிக்கொண்டே வந்து, ஐந்தாவது பெயரில் நிறுத்தினாள்.

"டேய், இதெல்லாம் உன் பஸ் ரூட்டுல வர்ற நிறுத்தம் ஆச்சே?"

"ஆமா. ஒண்ணு விடாம வரிசையா வரும். அறுபடாமத்தானே கேக்கறாங்க?"

கபம்ப்வே அந்தப் பட்டியலைப் படித்து மிகவும் நெகிழ்ந்தார். ஏழாவது தலைவரின் பெயரைத் தம் சிறு வயதில் எங்கோ கேள்விப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து நிறுத்தம்.

அடுத்தது ஆண்டுத் திருவிழா. பழமையான திருவிழா இல்லாத தலைமையை வாரியம் ஏற்பதில்லை. சியபூலே மூன்று வாரத்தில் ஒரு பழமையான திருவிழாவை ஏற்பாடு செய்தது. தலைவருக்குச் சிறுத்தைத் தோல் வேண்டும். தோல் வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமம் தலைவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அதனால் சந்தையில் சிறுத்தைப் புள்ளி போட்ட போர்வை ஒன்று வாங்கி ஹபேன்சுவுக்குப் போர்த்தினார்கள். கபம்ப்வேயோடு மூன்று பேர் வந்து, கையில் அட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார்கள். உடை பரவாயில்லை. ஆட்டம் நன்று. பழமைக்கு முழு மதிப்பெண். அச்சத்துக்கு மட்டும் இருபதுக்கு மூன்று.

"ஜனங்க தலைவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க," என்றார் கபம்ப்வே வருத்தத்தோடு. "ஒரு பெண்பிள்ளை அவர் வயித்துல தட்டிட்டுப் போறா. இது மரபே இல்லை. அந்த மூணு மார்க்கும் எங்களைப் பார்த்து அழுத குழந்தைகளுக்காகப் போட்டது. ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப வர்றோம். பயந்து காட்டுங்க."

அந்த ஒரு வாரமும் நமூங்கா ஊருக்குப் பயம் கற்றுக்கொடுத்தாள். மாலையில் மில்லை நிறுத்திவிட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்துவாள். ஹபேன்சு வந்தால் மண்டியிட வேண்டும், மெல்லக் கைதட்ட வேண்டும், கண்ணைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் அவளே மண்டியிட்டுக் காட்டினாள்.

ஹபேன்சுவுக்குத் தாங்கவில்லை. "அக்கா, எந்திரி. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"சும்மா இருடா. மார்க் வரட்டும்."

மார்க் வந்தது. அச்சத்துக்குப் பதினெட்டு. நாற்பத்தைந்தாவது நாள் முத்திரையிட்ட சான்றிதழும் வந்தது. தலைவர் கையெழுத்து போடலாமா என்று நமூங்கா கேட்டாள். பயிற்சி முடியாமல் எந்தத் தலைவரும் கையெழுத்து போடக் கூடாதாம். ஐந்து வாரப் பயிற்சிக்கு ஹபேன்சுவை லுசாகாவுக்கு அழைத்துப் போனார்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கண்டக்டர் மாதிரியே விசில் அடித்துக் கையாட்டிக்கொண்டு போனான். ஊரே சிரித்து அனுப்பி வைத்தது.

எண்பதாவது நாள் திரும்பி வந்தான். கொடி கட்டிய வெள்ளை வண்டி. முன்னால் காக்கிச் சீருடையில் ஒரு கப்பாசோ, அதாவது தலைவரின் ஏவலாள், குதித்திறங்கிக் கதவைத் திறந்தான். ஹபேன்சு இறங்குவதற்கே வெகுநேரம் பிடித்தது. தோளில் அந்தச் சிறுத்தைப் புள்ளிப் போர்வை, கையில் மாட்டுவால் சாமரம். தண்ணீருக்குள் நடப்பவன் மாதிரி அடிமேல் அடி வைத்தான். நமூங்கா அவனுக்குப் பிடித்த கோழிக் குழம்பும் சோளக்களியும் கொண்டுவந்து காத்திருந்தாள்.

"வந்துட்டியாடா! ஏன் இப்படி நடக்கிறே, கால்ல அடியா?"

ஹபேன்சு கப்பாசோவின் காதில் ஏதோ முணுமுணுத்தான்.

"தலைவர் வணக்கத்தை ஏற்றுக்கொண்டார்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான் கப்பாசோ.

"தொண்டை கட்டியிருக்கா இவனுக்கு?"

"தலைவருக்குத் தொண்டை கட்டாதும்மா. தலைவர் நேரா பேச மாட்டார், நேரா கேக்கவும் மாட்டார். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. முதல்ல மண்டி போடுங்க."

நமூங்கா சிரித்தபடியே மண்டியிட்டாள். வாரியத்து ஆள் முன்னால் நடிக்கிறான், பாவம், வீட்டுக்குள் போனதும் அந்தப் போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டுக் களியைக் கேட்பான் என்று நினைத்தாள். மனுவைக் கப்பாசோவிடம் நீட்டினாள்.

"தலைவர் பரிசீலிப்பார்!"

எண்பத்தைந்தாவது நாள் போய்க் கேட்டாள். தலைவர் பரிசீலித்துக்கொண்டிருந்தார். எண்பத்தொன்பதாவது நாளும் அதே பதில். தொண்ணூற்றொன்றாவது நாள் ஆற்றங்கரையில் லாரிகள் வந்து வேலிக் கம்பங்களை இறக்கின. நமூங்கா ஓடிப்போய் லாரியை மறித்தாள். டிரைவர் சண்டைக்கு வரவில்லை; சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். சியபூலே மக்கள் சார்பாக, அவர்களுடைய பன்னிரண்டாவது தலைவர் கொடுத்த முழு மனதான சம்மதம். கீழே ஹபேன்சுவின் கோணல் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். பயிற்சியின் நான்காவது வாரம்.

ஹபேன்சு அப்போது, கம்பெனி அவனுக்குக் கட்டிக்கொண்டிருந்த செங்கல் வீட்டின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நமூங்கா மண்டியிடாமல் நேராகப் போய் நின்றாள்.

"இது உன் கையெழுத்தா?"

அவன் முணுமுணுத்தான். கப்பாசோ முழங்கினான்: "தலைவரின் கடமை முன்னேற்றம்!"

"ஆடு மாட்டுக்குத் தண்ணி எங்க இருந்துடா வரும்?"

"தலைவர் அது குறித்து ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறார்!"

"நீ வாயை மூடுப்பா. நான் இவன்கிட்ட கேக்கறேன். ஹபேன்சு, இங்க பாரு. ஏமாத்தி வாங்கினாங்களா? படிக்காம போட்டுட்டியா? சொல்லு, நான் லுசாகாவுக்குப் போய்ச் சண்டை போடறேன். இல்ல, என்ன காகிதம்னு தெரிஞ்சேதான் போட்டியா?"

ஹபேன்சு முணுமுணுக்கவில்லை.

"தலைவர் மௌனமாக இருக்கிறார்!" என்றான் கப்பாசோ.

பிறகு ஹபேன்சுவின் தலை மேலும் கீழும் ஒருமுறை அசைந்தது. தலையசைப்பை எப்படி அறிவிப்பது என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. கப்பாசோ அதை விட்டுவிட்டான். நமூங்காவுக்கு அறிவிப்பு தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் மில் ஓடவில்லை. ஆள் வந்து கூப்பிட்டபோது, "பொய் சொல்லியிருக்கலாமே அவன்," என்று மட்டும் சொன்னாள். யாருக்கும் புரியவில்லை.

வேலி ஏறியது. மாடுகளைத் தண்ணீருக்கு வேலியைச் சுற்றி ஒன்பது மைல் ஓட்ட வேண்டியிருந்தது. முலேயாவின் மாடுகளில் நான்கு வழியிலேயே படுத்துவிட்டன. தலைவரை நீக்கச் சொல்லி ஊர் வாரியத்துக்கு எழுதியது. கபம்ப்வே மிக மரியாதையாகப் பதில் எழுதினார்: தலைவரை நீக்கக் கோரும் மனுவை முறைப்படி தலைவர் மூலமாகவே அனுப்ப வேண்டும்.

அடுத்த ஆண்டு திருவிழாவுக்குக் கபம்ப்வே நேரில் வந்தார். வேலிக்கு வெளியே மிஞ்சியிருந்த துண்டு நிலத்தில் பந்தல். கம்பெனி கொடுத்த குளிர்பானம். ஊர் முழுவதும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. நமூங்காவும் போயிருந்தாள். போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவன் முகத்தை வெகுநாளாகப் பார்க்கவில்லை.

கபம்ப்வே எழுந்து பேசினார்.

"சியபூலே இன்னைக்கு இந்த நாட்டுக்கே முன்மாதிரி. போன வருஷம் உங்களுக்குத் தலைவர் இல்லை. அதனால உங்களுக்கு நூறு விதமான கருத்து இருந்துது. இன்னைக்கு ஒரே ஒரு கருத்துதான். எவ்வளவு சுலபமாயிடுச்சு பாருங்க! நம்ம முன்னோர்கள் மரத்தடியில உட்கார்ந்து மணிக்கணக்கா பேசிப் பேசி நேரத்தை வீணாக்கினாங்க. அந்தப் பாரம்பரியத்தைக் காப்பாத்தத்தான் நாங்க பேச்சைக் குறைச்சிருக்கோம். ஜனங்களோட குரல் எங்களுக்கு முக்கியம். அதனாலதான் அதைக் கண்ட இடத்துல விடாம, ஒரே ஒருத்தர்கிட்ட பத்திரமா கொடுத்து வெச்சிருக்கோம்."

அவரே கைதட்டிக்கொண்டு, அட்டையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"தலைவரே, இப்ப முறைப்படி கேக்கறேன். மக்கள் திருப்தியா இருக்காங்களா?"

ஹபேன்சு முணுமுணுத்தான். "திருப்தி!" என்றான் கப்பாசோ.

"இல்லை," என்றாள் நமூங்கா.

எழுந்துவிட்டிருந்தாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. கபம்ப்வே திரும்பிப் பார்த்தார். அவர் மேசைக்கு எதிரே நின்று விண்ணப்பம் வாங்கிப்போன முகம்தான் அது. ஆனால் படிவத்தில் அதற்கும் ஒரு கேள்வி இருந்தது.

"தலைவரே, இந்தம்மா உங்க குடியைச் சேர்ந்தவங்களா?"

ஹபேன்சு நிமிர்ந்து பார்த்தான். லுசாகாவிலிருந்து வந்த பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. அவன் கன்னம் லேசாகத் துடித்தது. இதோ சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள் நமூங்கா. எழுந்து வந்து, 'போதும்க்கா' என்று தோளில் கை போடப் போகிறான். அப்படி ஒரே ஒரு அடி வைத்தால் போதும், வேலியையும் மன்னித்துவிடலாம் என்று அந்தக் கணத்தில் அவள் மனம் கணக்குப் போட்டது.

ஹபேன்சு கப்பாசோவின் பக்கம் சாய்ந்தான்.

"தலைவருக்கு இந்தப் பெண்மணியைத் தெரியாது!"

நமூங்கா உட்காரவில்லை.

"விதிப்படி, தலைவர் அறியாதவர் அந்த ஊர்க் குடி இல்லை," என்று முணுமுணுத்தபடி கபம்ப்வே படிவத்தில் திருத்தினார். "முந்நூற்றுப் பதினொண்ணு."

முலேயாக் கிழவர் கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். "என்னையும் தெரியாதுன்னு எழுதிக்கய்யா."

"முந்நூற்றுப் பத்து."

"என்னையும்," என்றாள் மருந்தகத்து நர்ஸ். பிறகு அவள் பின்னால் இருந்த குடும்பம் மொத்தமாக எழுந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. மண்டியிட்டிருந்தவர்கள் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வரிசை வரிசையாக எழுந்து, மேட்டைப் பார்த்து நடந்தார்கள். கபம்ப்வேக்கு அடித்து எழுதவே நேரம் போதவில்லை. கடைசியாக, தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தனி முக்காலியில் உட்கார்ந்திருந்த ஹபேன்சுவின் மனைவி எழுந்தாள். மடியிலிருந்த பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டு பேர் குறைச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

பந்தலில் தலைவரும், கப்பாசோவும், வாரியத்தாரும், திறக்காத குளிர்பானப் புட்டிகளும் மிஞ்சினார்கள். கூட வந்த இளைய அதிகாரி ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்: "சார், ஜனங்களே இல்லையே. தலைமையை ரத்து பண்ணணுமா?"

கபம்ப்வே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் தெளிந்தது.

"தலைவர் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. ஜனங்க எத்தனை பேர் இருக்கணும்னு குறைந்த அளவு எதுவும் சொல்லல." பேனாவை எடுத்து எழுதினார். மக்கள்தொகை: இல்லை. குறைகள்: இல்லை. "நான் பார்த்ததிலேயே ரொம்ப ஒழுங்கான தலைமை இதுதான்யா," என்று ஹபேன்சுவின் கையைக் குலுக்கினார்.

நமூங்கா மேட்டில் பாதி தூரம் போயிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா."

மெல்லிய குரல்தான். ஆனால் அது ஹபேன்சுவின் சொந்தக் குரல். யாருடைய காதிலும் முணுமுணுக்காமல் அவனே சொன்னது. நமூங்கா நின்றாள். திரும்பலாமா என்று ஒரு காலை மெல்ல நகர்த்தினாள்.

"தலைவர் 'அக்கா' என்கிறார்!" என்று முழங்கினான் கப்பாசோ.

அவள் நடந்தாள்.